திரவியம் அன்ரியின் பட்டியலில் ஐந்தாவது பெயர்

திரவியம் அன்ரி போய்விட்டா என்ற செய்தி நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது வந்தது. பக்கத்து வீட்டுச் சுமதியக்கா படியடியில் நின்று, "மனே, அன்ரி ஆசுப்பத்திரியில முடிஞ்சிட்டா" என்றா. வாய் நிறைய நுரையோடு நான் கேட்டது, "அப்ப இனி தண்ணி மோட்டரை ஆர் போடுற?" அவட மேல்மாடியில் குடியிருந்த உங்கள் எல்லாருக்கும் முதலில் இதுதான் வந்திருக்கும். பொய் சொல்லாதீர்கள்.

சண்டையால் ஆரையம்பதியில் இருக்க ஏலாமல் நாங்கள் நாலு பேரும் டவுனுக்கு வந்தபோது அன்ரி, "கரண்டும் தண்ணியும் வாடகைக்குள்ளதான். ஆனா நாலு தலைக்குத்தான்" என்றா. கரண்ட் என்றால் ஒரு பல்ப். தண்ணி என்றால் தலைக்கு இரண்டு வாளி. நாங்கள் வெளியே போனால், வந்து றேடியோவின் முதுகைத் தடவிச் சூடு பார்ப்பா. ஒருநாள் அதை வெயிலில் காயவைத்து எடுத்து உள்ளே வைத்தேன். அரை மணித்தியாலம் ஏசினா. அந்தக் கிழமை முழுக்க டவுனில் கரண்டே இல்லை.

பிறகு வாவிக்கு அப்பால் படுவான்கரையில் மாமா வீட்டில் நின்ற அண்ணன் தோணியில் வந்து சேர்ந்தான். ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் இருப்பவர்களின் பட்டியல் தொங்கவேண்டிய காலம். பெயர் இல்லாத பொடியனை ஆமி கொண்டுபோய்விடும். பட்டியல் எழுதுவது வீட்டுக்காரி. அம்மா கெஞ்சினா.

"அஞ்சாவது தலைக்குத் தண்ணிக்கு எங்க போற? நாலு எண்டுதானே பேசின?"

"அவன் குளிக்கவே மாட்டான் அன்ரி. சந்தேகமெண்டா மணந்து பாருங்க" என்றேன். அவ சிரிக்கவில்லை.

அதனால் நானே எழுதினேன், அவட கோணல் எழுத்திலேயே. அண்ணனின் பெயர்; உறவுமுறை: வீட்டுக்காரியின் தங்கை மகன். பிள்ளை இல்லாதவவுக்குச் செலவில்லாமல் ஒரு பெறாமகனைக் கொடுத்த கெட்டித்தனத்தை நினைத்து இரண்டு நாள் தனியாகச் சிரித்தேன். அவட மை நீலம். என்னிடம் இருந்தது கறுப்புப் பேனை.

மூன்றாம் நாள் காலை சுற்றிவளைப்பு. பொடியன்மாரை ஒழுங்கையில் தலை குனிந்து குந்தவைத்தார்கள், அண்ணனும் அதில். நான் ஆள் கட்டை, சின்னவன் என்று விட்டதால் தப்பி, வாசலில் அன்ரிக்குப் பின்னால் நின்றேன். ஆமிக்காரன் பட்டியலைத் தட்டினான்.

"இது யார் எழுதின?"

அப்போதுதான் அவ அதைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா.

"நான்தான். பேனை முடிஞ்சிட்டு. அவன் என்ட தங்கச்சிட மகன்."

அறைந்தான். கண்ணாடி முற்றத்தில் விழுந்தது. திரும்பவும் கேட்டான், அதையே சொன்னா. இன்னொரு அறை விழுந்தது. பிறகு அண்ணனை விட்டுவிட்டார்கள்.

பின்னேரம் என்னைக் கூப்பிட்டா. "எட்டு வாளிதான். அஞ்சு தலைக்கும் பிரிச்சு எடுங்க." வேறொன்றும் கேட்கவில்லை.

அதன்பிறகு அவவுக்கு இடது காது கேட்கவில்லை. 'அறை வாடகைக்கு விட்டவவுக்கு அறை இலவசம்' என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தது நான்தான். அந்தக் காதுப் பக்கம் நின்று தூசணம் சொல்லி வேடிக்கை காட்டியதும் நான்தான். நீங்களும் சிரித்தீர்கள். எதற்காக அடி விழுந்தது என்பதை மட்டும் ஒருவருக்கும், அண்ணனுக்கும்கூட, சொல்லவில்லை.

செத்த வீட்டன்று கொள்ளிக்குடம் தூக்க ஆளில்லை. அண்ணனைக் கூப்பிட்டேன். "தண்ணிக்குக் கணக்குப் பாத்த மனிசிக்கு நான் ஆருடா?" என்று தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டான். யாரோ வழியில் போனவர் தூக்கினார்.

இன்று முப்பத்தோராம் நாள். நல்ல சாப்பாடு என்று சொல்லி அவனைக் கூட்டிவந்து முன்னால் இருத்திவிட்டுத்தான் இதை வாசிக்கிறேன். எழும்பிப் போகாதே அண்ணா. அவவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த இரண்டு அடி, எனக்கு விழவேண்டியவை. உன்னைத் தன் தங்கச்சி மகன் என்று அவ இரண்டு தரம் சொன்னா. எழுதியது நான் என்று, பின்னால் நின்ற நான் ஒரு தரமும் சொல்லவில்லை.