நொத்தாரிசு வாசித்து முடிக்கும்வரை

அன்று பத்திரம் பதிகிற நொத்தாரிசின் நீளமேசையைச் சுற்றி அப்பா இருந்தார், அம்மா இருந்தார், நான் இருந்தேன். எதிரே வீட்டை விற்கிற இத்தாலியப் பெண்மணி, சிஞ்ஞோரா; அவருக்குப் பக்கத்தில் வங்கியிலிருந்து வந்த ஒரு மெலிந்த மனிதர், காசோலை வைத்த உறையின்மேல் இரண்டு கைகளையும் பொத்திக்கொண்டு. பெரியப்பா இல்லை. அவர் அன்று காலை யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தார். அது அம்மாவுக்கும் எனக்கும் தெரியும். அப்பாவுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவருடைய கைபேசி என் மடியில் இருந்தது.

எனக்கு அப்போது பதினொரு வயது.

நாங்கள் பலேர்மோவில் கபோ சந்தைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தோம். கீழே மீன்காரர் கூவத் தொடங்கினால் எங்களுக்கு விடிந்துவிட்டது என்று பொருள். அப்பா விடியற்புறத்தில் மாடிப்படிகள் கழுவினார். பகலில் ஒரு வயதான வழக்கறிஞரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, நடத்திக்கொண்டு திரிந்தார். அம்மா ஒரு டொக்டர் வீட்டில் சமைத்தார். பலேர்மோவின் படித்த மனிதர்களை எல்லாம் எங்களுக்குத் தெரியும், அவர்களுடைய உள்ளுடுப்பு வரைக்கும் தெரியும் என்று அம்மா சொல்வதுண்டு. ஆனால் அவர்களுடைய மேசையில் அவர்களுக்கு எதிரே கதிரை போட்டு இருந்தது அன்றுதான் முதல்முறை.

வாங்கப் போகிற வீடு நகரின் இன்னொரு பக்கம், ஒரேத்தோவில். இரண்டு அறை, ஒரு பல்கனி, எனக்கென்று ஒரு படிப்புமேசை வைக்க ஒரு மூலை. ஒப்பந்தத்தின் கடைசி நாள் அது. அன்று கையெழுத்தாகாவிட்டால் முற்பணம் போய்விடும்; வீடும், அதைக் கிளினிக் ஆக்கக் காத்துக்கொண்டிருந்த ஒரு பல் வைத்தியரிடம் போய்விடும்.

எங்கள் சனத்தில் நெருங்கிய உறவில் ஒருவர் இறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயிலுக்குப் போவதில்லை; நல்ல காரியம் எதையும் தொடங்குவதில்லை. வீடு எழுதுவதை நினைத்தும் பார்க்க முடியாது. அதுவும் பெரியப்பா அப்பாவின் ஒரே அண்ணன். கலியாணம் கட்டாதவர். தன் பங்குத் தோட்டக் காணியை விற்றுத்தான் அப்பாவை இத்தாலிக்கு அனுப்பினார். அவருக்குக் கொள்ளி வைக்க வேண்டியவர் அப்பா.

ஆனால் துடக்குக்குள் ஒரு சின்னச் சந்து இருந்தது. செய்தி காதில் விழுந்த பிறகுதான் துடக்கு; அறியாதவனை அது பிடிக்காது. அப்பா படி கழுவப் போயிருந்த நேரம் சின்னம்மா யாழ்ப்பாணத்திலிருந்து போனில் செய்தி சொல்லி வைத்ததும், அம்மா குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் கொஞ்சநேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, இஞ்சை வா. பெரியப்பா மோசம் போயிட்டார். அப்பாவுக்கு மூச்சுக் காட்டக்கூடாது. கையெழுத்து வைச்சு முடிய நான் சொல்லுவன்.”

“அப்ப நாங்கள் பொய் சொல்லுறமோ அம்மா?”

“ஆர் உன்னைப் பொய் சொல்லச் சொன்னது? கதையாதை எண்டுதானே சொன்னனான்.”

பத்திரம் அப்பாவின் பெயரில் மட்டும் எழுதப்படுகிறது. ஆகவே அப்பாவின் காது மட்டும் சுத்தமாய் இருந்தால் போதும். இதுதான் அம்மாவின் சட்டம். பின்னாளில் நான் படித்த எந்தச் சட்டத்தையும்விட அது உறுதியானது.

அப்பா படி கழுவிவிட்டு வழமையைவிடப் பிந்தித்தான் வந்தார். வந்ததும் நேரே குளியலறைக்குள் போய், மாரிக் குளிரில் பச்சைத்தண்ணீரைத் தலையில் வார்த்தார். நல்ல காரியத்துக்குப் போகிற மனிதர் தலை முழுகினது நல்லதுதான் என்று அம்மா முணுமுணுத்தார். அவருக்குப் பிடிக்காமல் போனது தாடைதான்.

“இஞ்சாருங்கோ, இண்டைக்கெண்டாலும் சவரம் எடுத்திருக்கலாமெல்லே? நொத்தாரிசு கள்ளன் வந்திட்டான் எண்டு பொலிசுக்குப் போன் அடிக்கப் போறார்.”

“நேரம் போட்டுது,” என்றார் அப்பா. நேரம் நிறைய இருந்தது.

“அப்பா, கேம் விளையாட உங்கடை போனைத் தாங்கோ.” அம்மா சொல்லித் தந்தபடி கேட்டேன். மற்ற நாட்களில் இதற்குப் பதிலாகக் கணக்குக் கொப்பி எங்கே என்ற கேள்விதான் வரும். அன்று அவர் என்னைப் பாராமலே எடுத்து நீட்டினார். அம்மா எனக்குக் கண்ணைக் காட்டினார்: வென்றுவிட்டோம்.

நொத்தாரிசின் கந்தோர் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தது. யன்னலுக்கு வெளியே பாரந்தூக்கிகளும், நாப்போலி போகிற கப்பலின் வெள்ளை முதுகும். இந்த நாட்டில் பத்திரத்தை நொத்தாரிசு சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்காமல் கையெழுத்து இல்லை. எங்கள் நொத்தாரிசுக்கு வாசிப்பதைவிட இடையில் நிறுத்திக் கதைப்பதில்தான் விருப்பம். முதல் பக்கம் முடிவதற்குள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு யன்னலைக் காட்டினார். அவருடைய பூட்டன் அந்தத் துறையில்தான் எலுமிச்சைப் பெட்டி சுமந்தாராம். பாட்டனார் ஸ்கொட்லாந்துக்காரக் கப்பல் முகவர் ஒருவரிடம் எழுதுவினைஞரானார். தகப்பனார் கப்பல் வழக்குகள் பேசும் வழக்கறிஞர். இப்போது அவர்.

என் தொடையில் கைபேசி அதிர்ந்தது. திரையில் இலங்கை இலக்கம்.

நொத்தாரிசு நிறுத்தினார். வங்கிக்காரர் என்னைப் பார்த்தார். அம்மாவின் நகம் என் கையில் இறங்கியது. நான் கைபேசியைக் கதிரையில் வைத்து அதன்மேல் ஏறி இருந்தேன். அது எனக்குக் கீழே கிடந்து துடித்தது; பெரியப்பாவே உள்ளே இருந்து கதவைத் தட்டுவது போலிருந்தது.

“ஆர் தம்பி எடுக்கிறது?” அப்பா தமிழில் கேட்டார்.

“கேம், அப்பா.”

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். “சரி. விளையாடு,” என்றார்.

நொத்தாரிசு இரண்டாம் பக்கத்துக்கு வந்தார். கைபேசி திரும்ப அதிர்ந்தது. மூன்றாம் பக்கத்தில் வீட்டின் எல்லைகள்: வடக்கே ஒரு குடும்பம், கிழக்கே ஒரு சுவர். ஒவ்வொரு சுவரையும் அவர் தொட்டுத் தடவி வாசித்தார். அப்பா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்; பன்னிரண்டு தாண்டியிருந்தது. பிறகு யன்னலைப் பார்த்தார். கப்பலைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது அதற்கு மேலே, வெறும் வானத்தை.

“நான்கு தலைமுறை!” என்றார் நொத்தாரிசு என்னிடம். “உன் அப்பா மகா வேகக்காரர். நீ இரண்டாவதிலேயே வந்துவிடுவாய், இல்லையா, டொத்தோரே?”

பட்டம் படித்தவர்களை இங்கே டொத்தோரே என்றுதான் அழைப்பார்கள். வேறொரு நாளென்றால் அப்பா இதைக் கோயில் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பார். அன்று தலையை மட்டும் ஆட்டினார்.

கடைசியில் பேனை வந்தது. அப்பா கையெழுத்து வைத்தார். ஒவ்வொரு தாளிலும் மெதுவாக, அடுத்ததற்கு முன் ஒருதரம் மூச்சு விட்டு. கடைசித் தாளில் அவர் பேனையை எடுத்தபோது அம்மா நெஞ்சில் கை வைத்ததைப் பார்த்தேன்.

சிஞ்ஞோரா வீட்டுக் கதவுத் திறப்புக்கொத்தை நீட்டினார். அம்மா துடக்கோடு நிற்பவர். கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். அப்பாவும் கை நீட்டவில்லை. “தம்பி, நீ வாங்கு,” என்றார். நான் வாங்கினேன். என்னையும் துடக்குப் பிடிக்கும் என்ற எண்ணம் பெருமையில் எனக்கு வரவேயில்லை. பழம்போல் செய்த பாதாம் இனிப்புகளை நொத்தாரிசு ஒரு தட்டில் நீட்டியபோது அப்பா ஒன்றை எடுத்து, அதையும் என் கையில்தான் வைத்தார்.

படியிறங்கும்போது அம்மா சொன்னார். “உங்கடை அண்ணை… விடியச் செய்தி வந்தது. நான்தான் சொல்லேல்லை.”

அப்பா படியிலேயே குந்திவிட்டார். எப்போது என்று கேட்கவில்லை. எப்படி என்று கேட்கவில்லை. அம்மாவை ஏசவுமில்லை. “போனைத் தா தம்பி,” என்று வாங்கி யாழ்ப்பாணத்துக்கு எடுத்தார். “என்னைப் பாத்துக்கொண்டிருக்காதேங்கோ. நாளைக்கே பிரேதத்தை எடுங்கோ,” என்றார். அடுத்த நாள் அத்தையின் மகன் கொள்ளி வைத்தான். அந்த மாதம் முழுக்க அப்பா பழைய அறையில் வெறுந்தரையில் படுத்தார், சவரம் எடுக்காமல். தன்மேல் உள்ள கோபம் என்று அம்மா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான். இப்போது ஸ்கொட்லாந்தின் ஒரு துறைமுக ஊரைப் பற்றி ஆய்வு எழுதுகிறேன்: மூட்டை சுமந்தவர்களின் பிள்ளைகள் எழுதுவினைஞராகி, அவர்களின் பிள்ளைகள் வழக்கறிஞரும் வைத்தியருமான கதை. ஊர் வளர்ந்த கதையும் அதுதான். எந்தத் தலைமுறை எந்தப் படியில் ஏறியது என்று புத்தகங்களில் இருக்கிறது. ஏறிய அன்று வீட்டில் என்ன நடந்தது என்று இல்லை.

அந்த ஊருக்குப் போக விமான ரிக்கற் எடுக்கத்தான் போன மாசம் வியா மக்வேதா தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் உள்ள எங்கள் தமிழ் ஆளின் பயணக் கடைக்குப் போனேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

“நீர் கபோவிலை இருந்தவரின்ரை மகனெல்லே? கொப்பர் ஒருநாள் விடியப்புறம் வந்து கடைக் கதவைத் தட்டினவர். அண்ணை மோசம் போயிட்டார், முதல் பிளேனுக்குப் போடு எண்டு. மத்தியானப் பிளேன். செத்தவீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். காசும் கையிலை தந்திட்டுப் போனார். பிறகு ஒரு மணித்தியாலத்திலை திரும்பி வந்து போகேல்லை எண்டார். ரிக்கற் போட்டாச்சு, காசு திரும்பாது அண்ணை எண்டன். ஓம், ஓம், பெண்சாதிக்கு மட்டும் தெரியவேண்டாம் எண்டார்.”

அம்மா இன்றைக்கும் அந்த வீட்டில் வெள்ளி தவறாமல் விளக்கேற்றுகிறார். அறியாத கை எழுதிய வீடு என்ற நிம்மதியில் ஏற்றுகிறார். அந்த நிம்மதியை அப்பா அவரிடமிருந்து எடுக்கவில்லை. நானும் எடுக்கப் போவதில்லை.

“எவ்வளவு அண்ணை அந்த ரிக்கற்?” என்று கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. “ஆயிரத்து நூற்றி எண்பது யூரோ.”