சேலை பேலுக்குள் போன விஸ்கியும் வீரசோழன் பஸ்ஸும்

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு விஸ்கி பாட்டில். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் குடிப்பவள் இல்லை. குடித்தவரின் மகள். அதனால் கடைப் பட்டியல் கிடைக்கும் என்று வந்தவர்கள் இப்போதே கிளம்பலாம். அருப்புக்கோட்டை, திருச்சுழி, வீரசோழன் பக்கம் போக வேண்டியவர்கள் இருங்கள், பஸ் நேரமெல்லாம் எழுதியிருக்கிறேன்.

அப்பா முப்பத்திரண்டு வருடம் அருப்புக்கோட்டையிலிருந்து பெங்களூருக்கு லாரியில் சேலை லோடு அடித்தவர். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு பாட்டில் வாங்கி வருவார். மஞ்சள் லேபிள், அதில் ஒரு குதிரை வண்டி. கர்நாடகத்தில் மட்டும் விற்ற சரக்கு. நம் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. பெயரைச் சொல்லி விளம்பரம் செய்ய மாட்டேன். அம்மாவுக்கும் அந்தப் பாட்டிலுக்கும் ஆயுசுக்கும் ஆகாது. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு மாசி மாதம் அதை எடுத்துக்கொண்டு போய் எருக்குழியில் கொட்டிவிட்டாள். அப்பா சத்தம் போடவில்லை. "கொட்டிட்டியா, சரி" என்றார். சாப்பிட்டுவிட்டு லோடு ஏற்றப் போனார். மூன்றாம் நாள் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

வருடா வருடம் அவர் போன நாளில் அம்மா படையல் போடுவாள். கறிச்சோறு, சுருட்டு, வெற்றிலை எல்லாம் இருக்கும். பாட்டில் மட்டும் இருக்காது. சித்தப்பாமார்கள் அருப்புக்கோட்டைக் கடையில் ஏதாவது வாங்கி வந்தாலும் வைக்க விட மாட்டாள். குடி மேல் உள்ள கோபம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இந்த வருடம் பொங்கல் முடிந்த வாரம் போன் செய்தாள்.

"ஏத்தா, நான் கொட்டுனது அவுக பாட்டிலு. அதே பாட்டில இந்த மாசிக்கு வைக்கணும். வேற எதும் எனக்கு வேணாம். வைக்காமயே நான் போய்ச் சேந்துட்டா அவுக மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

எழுபத்து மூன்று வயதில் ஒரு மனுஷி இப்படிக் கேட்டால் என்ன செய்வது? தேடினேன். நான் குடியிருக்கும் பெங்களூரிலேயே ஏழு கடை ஏறி இறங்கினேன். அந்தக் கம்பெனி கை மாறிவிட்டது, சரக்கு வருவதே குறைவு என்றார்கள். எட்டாவதாக, சிக்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்துக் கடையில், மேல் தட்டில் தூசியோடு ஒன்று இருந்தது. 860 ரூபாய். கடைக்காரர் துடைத்துக் கொடுத்துக்கொண்டே, "சாருக்கா மேடம்?" என்றார். ஆமாம், சாருக்குத்தான் என்றேன். 

வாங்குவது பாதி வேலைதான். கூரியர்காரர் தண்ணியாக எதையும் எடுக்க மாட்டோம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். பஸ் பார்சல் ஆபீசில் கஷாயம் என்று சொல்லிப் பார்த்தேன். அங்கிருந்தவர் பெட்டியை ஒரு குலுக்குக் குலுக்கி, என் முகத்தை ஒரு பார்வை பார்த்து, "வீட்டுக்குப் போங்கம்மா" என்றார். பொய் சொல்வதற்கும் ஒரு முகவெட்டு வேண்டும் போல. பையில் போட்டு நானே ரயிலில் கொண்டுவந்துவிடலாம் என்றால், என் மகள் சட்டம், செக்கிங், ஃபைன் என்று பயமுறுத்திவிட்டாள்.

கடைசியில் வழி சொன்னது முருகேசன் அத்தான், என் அத்தை மகன். அருப்புக்கோட்டையில் பன்னிரண்டு விசைத்தறி போட்டிருக்கிறார். அவர் அனுப்பும் சேலைகளில் இழை விட்டது, கறை பட்டது எல்லாம் சிக்பேட்டைச் சேலைக்கடையிலிருந்து பேல் எனும் பெரிய துணிமூட்டையாகக் கட்டித் திரும்பி வரும். "அந்த ரிட்டன் பேலுக்கு நடுவுல வச்சுக் குடுத்துரு. லாரியில பூப்போல வந்துரும்" என்றார். அப்படியே செய்தேன். கடையில் பேல் கட்டுகிறவர் பாட்டிலை ஒரு பச்சைச் சேலையில் சுற்றி நடுவில் வைத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

படையல் வெள்ளிக்கிழமை சாயங்காலம். வியாழன் இரவு ரயில் ஏறினேன். காலை 6.50க்கு மதுரை. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் மாட்டுத்தாவணி, 8.05க்கு அருப்புக்கோட்டை பஸ். காரியாபட்டி வழியாக ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். இடது பக்கம் உட்கார்ந்தால் வெயில் முகத்திலேயே அடிக்கும், வலது பக்கம் உட்காருங்கள். கரிசல் வெடித்துக் கிடந்தது. பருத்தி எடுத்து முடிந்த காடுகளில் காய்ந்த பருத்திமார்க் குச்சிகள் மட்டும் நின்றன. பள்ளிக்கூட லீவில் அப்பா என்னை லாரியில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனது இதே ரோட்டில்தான். அப்போது இரண்டு பக்கமும் புளியமரம் இருந்தது. ஹாரனை நான்தான் அடிப்பேன் என்று அடம் பிடிப்பேன், அடிக்க விடுவார். அந்த லாரியை நினைத்தால் இப்போதும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

9.20க்கு இறங்கி, அத்தானின் தறி ஷெட்டுக்கு நடந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. தறிச் சத்தத்தில் பேச முடியாது என்று வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிவந்தார்.

"கோவிச்சுக்காத புள்ள. நான் திருப்பூர் போயிருந்தேன். லாரி ரெண்டு நாள் முந்தியே வந்துருச்சு. கணக்கப்பிள்ளை வழக்கம்போல பேல பாய்க்கு ஏத்திவிட்டுட்டாரு."

விஷயம் இதுதான். திரும்பி வந்த சேலை தறி இருக்கிற இடத்துக்குள் வரக்கூடாது என்பது அத்தான் ஷெட்டில் அவர் அப்பா காலத்து வழக்கம். வந்தால் தறி முடங்குமாம். அதனால் ரிட்டன் பேலை யாரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. லாரி ஆபீசிலிருந்தே வீரசோழன் காதர் பாய்க்குப் போய்விடும். அவர் அதைப் பிரித்து, ஊர் ஊராக வண்டியில் கொண்டுபோய்க் குறைந்த விலைக்கு விற்பார். பேலுக்குள் வைக்கச் சொன்ன மனுஷரே இதை மறந்திருக்கிறார்!

"ஒரு போனாவது போட்டீங்களா அத்தான்?"

"என்னன்னு போட? இருவது வருச யாவாரம். அஞ்சு வேளை தொழுகுற மனுசன். அவுகள்ட்ட போயி, பாய், ஒங்க பேலுக்குள்ள சாராயம் வச்சிருக்கேன்னு சொல்லச் சொல்றியா? நான் வரல. இன்னைக்கு வெள்ளிக்கிழமை, வீட்டுலதான் இருப்பாக. நீயே போய்ட்டு வாத்தா."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அந்த வேப்பமரத்திலேயே கட்டிவைத்திருப்பேன். ஆனால் நேரம் இல்லை. விளக்கு வைக்கும்போது பாட்டில் இலையில் இருக்க வேண்டும். அது உடைந்திருந்தால்? பாய் தூக்கி எறிந்திருந்தால்? இன்னொன்றைத் தேடிப் பெங்களூர் போய் வர நாளும் கிடையாது. அம்மாவிடம் என்ன சொல்வேன் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

வீரசோழன் நேர் பஸ் போய்விட்டது. 10.15க்குத் திருச்சுழி பஸ், இருபது கிலோமீட்டர். நடுவில்தான் எங்கள் ஊர், வீடும் ரோட்டோரம். பஸ் நின்றபோது பார்த்தேன், அம்மா வாசலில் உட்கார்ந்து குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டு, சீட்டில் குனிந்துகொண்டேன். எனக்கு ஐம்பத்தொரு வயது, பெற்ற தாய்க்கு ஒளிந்து பஸ்ஸில் போனது இதுதான் முதல் தடவை.

திருச்சுழியில் அரை மணி நேரம் காத்திருந்தேன். கோயில் பக்கம் டீயும் இரண்டு உளுந்த வடையும் 32 ரூபாய், வடை நன்றாகவே இருந்தது. 11.30க்கு அடுத்த பஸ். டவுன் பஸ் என்பதால் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். எங்கே பார்த்தாலும் சீமைக்கருவேலம், இடையிடையே மிளகாய் காயப்போட்ட களம். 12.35க்கு வீரசோழனில் இறங்கினேன். பாய் பள்ளிவாசலுக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

அவர் வீட்டுக்காரம்மா என்னைக் கூடத்தில் உட்காரவைத்தார். எலுமிச்சை சர்பத் கொடுத்தார், "சாப்பிடாம போகக்கூடாது" என்றார். முருகேசன் அனுப்பினார் என்று மட்டும் சொன்னேன்.  அந்தம்மா என் பிள்ளைகளைப் பற்றி, பெங்களூர்க் குளிரைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது. இரண்டு மணிக்கு பாய் வந்தார். அறுபது வயது, ஒல்லியான ஆள். என்னைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பாட்டிலுக்குத்தானே வந்தீக?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"வாங்க."

கொல்லையில் ஆட்டுக்கொட்டடிக்கு வெளியே ஒரு பெரிய கூடை கவிழ்த்துப் போட்டு, மேலே ஒரு கல்லும் வைத்திருந்தது. அவர் கல்லை எடுத்து, கூடையைக் கம்பால் தள்ளினார். உள்ளே பச்சைச் சேலை சுற்றியபடியே பாட்டில்.

"பேல இறுக்குனதுல மூடி தளந்து கொஞ்சம் ஒழுகிருச்சும்மா. வீட்டுக்குள்ள வைக்க எங்களுக்கு ஆகாது. கொட்டிவிட்ருங்கன்னு இவ சொன்னா. எப்பிடிக் கொட்டுறது? அடுத்தவுக பொருளு. என் கைக்கு வந்துருச்சுன்னா அது அமானிதம், உடையவுக கையில ஒப்படைக்கிற வரைக்கும் எம் பொறுப்பு. யாராச்சும் தேடி வருவாகன்னு கவுத்துப் போட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன், அம்மா கொட்டியது உட்பட. பாய் தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"லாரி டிரைவர் அண்ணன் மகளா நீங்க? அவுக எம்புட்டு நாளு என்னை வண்டியில ஏத்திட்டுப் போயிருக்காக. நான் ஏறுனா அன்னைக்கு இதத் தொட மாட்டாக." ஓரமாக நகர்ந்து நின்று, "நீங்களே எடுத்துக்கங்கம்மா, நான் தொடல. சேலையையும் கொண்டு போயிருங்க, வாடை ஏறிப்போச்சு, விக்க முடியாது" என்றார். சேலைக்குக் காசு கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினார்கள்.

3.10க்குத் திரும்பும் பஸ். துணிப்பைக்குள் பாட்டில், பாட்டிலைச் சுற்றிச் சேலை. பஸ் கிளம்பி ஐந்து நிமிடத்தில் பக்கத்து சீட்டில் இருந்த பெண் மூக்கை உறிஞ்சினாள், என்னைப் பார்த்தாள், எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டாள். கண்டக்டர், "பொம்பளையாளுகளும் ஆரம்பிச்சுட்டாகளா" என்று யாரிடமோ சொல்வது போல எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும், எனக்கு நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருந்தது.

5.10க்கு வீடு. அம்மா கையை நீட்டி வாங்கினாள். பாட்டிலைத் துடைத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். மூன்று விரற்கடை குறைந்திருந்ததைப் பார்த்து, "வழியிலயே ஆரம்பிச்சுட்டாக போல" என்று அப்பாவைச் சொன்னாள். விளக்கேற்றி, சூடம் காட்டி, விழுந்து கும்பிட்டாள். எழுந்திருக்க நேரமானது. "கொட்டுனத குடுத்துட்டேன்யா" என்று மட்டும் அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

பிறகு வழக்கப்படி பாட்டில் சித்தப்பாமார்களுக்குப் போனது. அவர்கள் அதை எவ்வளவு பயபக்தியோடு எடுத்துப்போனார்கள் என்பதை எழுதினால் குடும்பத்தில் சண்டை வரும். நான் அந்தச் சேலையைத் தண்ணீரில் நனைக்கலாம் என்று எடுத்தேன். "அது என்ன?" என்று அம்மா வாங்கிப் பார்த்தாள். பார்த்தவள், முகத்தோடு வைத்துக்கொண்டாள். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"பாட்டில மோந்து பாத்தேன், அவுக வாடை இல்ல. இதுலதான்த்தா இருக்கு. கஞ்சி போட்ட புதுச்சேலையும் அந்தக் கருமமும் சேந்து. லோடு எறக்கிட்டு வந்து வாசப்படியில நிப்பாகள்ல, அதே வாடை."

எனக்கும் அடித்தது. பேல் மேல் படுத்துத் தூங்கி எழுந்து வந்த அப்பாவின் சட்டை வாடை. முப்பது வருடம் அவள் சண்டை போட்டது இந்த வாடையோடுதான். நானும் அம்மாவும் அந்தச் சேலையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு அழுதோம். சொல்ல வெட்கம் ஒன்றும் இல்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. வெள்ளிக்கிழமை வீரசோழன் போனால் காலை பதினொரு மணிக்கு முன் போங்கள், இல்லையென்றால் இரண்டு மணிக்குப் பின். திருச்சுழியில் பஸ்ஸுக்குப் பஸ் அரை மணி நேர இடைவெளி இருக்கும், தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். மாசியிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஒரு நாள் செலவு, மதுரையிலிருந்து திரும்பி மதுரைக்கு, டீயும் வடையும் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் அடங்கும்.

வேறு மாநிலத்துச் சரக்கைப் பார்சலில் ஒளித்து அனுப்பாதீர்கள். நான் செய்தது தப்பு. மாட்டியிருந்தால் லாரிக்காரருக்கும் அத்தானுக்கும் சேர்த்துத்தான் வழக்கு வந்திருக்கும். ஒன்றும் தெரியாத காதர் பாய் வரைக்கும் இழுத்திருப்பார்கள். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. கட்டாயம் வேண்டும் என்றால் எவ்வளவு கொண்டுவரலாம், எப்படிக் கொண்டுவரலாம் என்று இரண்டு மாநில விதிகளையும் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பெங்களூர் வந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்று போனில், "அந்தச் சேலையைத் துவைச்சியாம்மா? பூஞ்சை பிடிச்சுரும்" என்றேன்.

"நீ ஒன் சோலியப் பாரு" என்று வைத்துவிட்டாள்.