ஜிம்மில் படித்த வத்தல் வியாபாரம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், எங்கள் ஊர்க் காட்டில் வழுக்கி விழுந்தேன். கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகிற ரோட்டுக்கு உள்ளடங்கிய கரிசல் ஊர் எங்களுடையது. அதலைக்காய் பறிக்கப் போயிருந்தேன். யாரும் விதைக்காமல், மழை கண்டதும் தானாகக் கிளம்பிப் படர்கிற கசப்புக் கொடி அது. கரிசல் சகதி நல்ல பிள்ளை மாதிரி காலைப் பிடித்துக்கொள்ளும், அடுத்த அடியிலேயே வாரிவிடும். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மடியிலிருந்த காயெல்லாம் சிதறிக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, ஆடு மேய்க்க யாராவது அந்தப் பக்கம் வருகிறவரைக்கும் கிடந்தேன். அன்றைக்கு முதல்முறையாக, நான் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒருத்தரும் இல்லை என்பது உறைத்தது.

ஆபரேஷன் முடிந்து மகன் சென்னைக்குக் கூட்டிப்போனான். மருமகள் குறை வைக்கவில்லை. ஆனால் காலையில் எல்லோரும் கிளம்பிப் போனதும் அந்த வீட்டில் ஃப்ரிஜ் மட்டும்தான் சத்தம் போடும். தனியாக இருப்பதென்றால் என் வீட்டிலேயே தனியாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஆடியில் வாக்கரோடு ஊர் திரும்பினேன். மகன் பஸ் ஏற்றும்போதே கறாராகச் சொல்லிவிட்டான்.

"பொங்கலுக்கு வாரேன். நம்மூர் பஸ் ஸ்டாப்புக்கு நீ ஒத்தையில நடந்து வரணும். வாக்கர் கூடாது, கம்பும் கூடாது. முடியலேன்னா வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துரணும். சண்டை போடக்கூடாது, ஆமா."

"வாரேம்ல, பாரு" என்று சொன்னேன். சொன்னேனே தவிர, அப்போது வாசற்படி இறங்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

தொடையில் பலம் ஏறினால்தான் நடை வரும் என்று டாக்டர் சொன்னார். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பெண்களுக்கென்று ஒரு ஜிம் இருந்தது. நடத்துகிறவள் கழுகுமலைக்காரச் சின்னப் பிள்ளை. எல்லோரும் அவளைக் கோச் என்று கூப்பிட்டார்கள். நான்கு பக்கமும் கண்ணாடி. எழுபதை எட்டப்போகிற நான் நூல் சேலையும் வாக்கருமாக அந்தக் கண்ணாடிகளுக்குள் நான்கு பேராக நின்றதைப் பார்த்து, திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது.

"பெரியம்மா, பேண்ட் சட்டை போட்டுக்கிட்டா தோதா இருக்கும்" என்றாள் கோச்.

"இந்தச் சேலையில பருத்தி எடுத்திருக்கேன், நாத்து சுமந்திருக்கேன், பிள்ளை பெத்திருக்கேன். உன் நாற்காலியில உக்காந்து எந்திரிக்க முடியாதாக்கும்?" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு ஒரு நாற்காலியைப் போட்டாள். கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழ வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. என்னால் எழ முடியவில்லை. கை கொடுக்க வந்தவளைத் தள்ளிவிட்டேன். மறுபடியும் முடியவில்லை. கண்ணாடியில் அந்த நான்கு கிழவிகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றுவிட்டு ஒருநாள் ஷேர் ஆட்டோவில் போய் வந்தேன். மற்ற நாளில் வீட்டிலேயே கொஞ்சமாகச் செய்யச் சொல்லியிருந்தாள். புரட்டாசி பிறந்து நல்ல மழை பெய்தது. எங்கள் பக்கத்தில் மழை பெய்து மண் பதமாகிவிட்டால் வீட்டில் ஒருத்தர் தங்கமாட்டார்கள். ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். சோறு தண்ணீர் பார்க்காமல் வேலை நடக்கும். அந்த நாலைந்து நாளை விட்டால் அந்த வருஷமே போச்சு. எனக்குத் தெரிந்து வேலை என்றால் அதுதான் வேலை. அன்றைக்கு நாலு திசையிலும் டிராக்டர் சத்தம். ஊரே காட்டில். தெருவில் நானும் ஒரு நாயும். கையும் காலும் பரபரவென்று வந்தது. விதைக்கப் போக முடியாத ஆத்திரத்தில் நாற்காலியை எடுத்துப் போட்டு, கையை ஊன்றியாவது உட்கார்ந்து எழுந்து, காலில் மணல் பையைக் கட்டித் தூக்கி, பொழுது சாய்கிறவரைக்கும் விடாமல் செய்தேன். ஒரு மாத வேலையை ஒரே நாளில் முடித்துவிட்டோம் என்று பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்து தண்ணீர் எடுத்து வைத்துவிட்டுப் போனாள். கோச்சுக்குப் போன் போட்டேன்.

"பெரியம்மா, தொடை என்ன கரிசக்காடா? ஈரம் காயுமுன்ன உழுது முடிக்கதுக்கு? உடம்பு அப்படியெல்லாம் வாங்காது. தெனம் கொஞ்சம், ஒரே நேரத்துல. இடையில ஓய்வு. அதுவும் பயிற்சிதான்."

எனக்குச் சுருக்கென்றது. என்னிடம் விவசாயத்தை வைத்துப் பேசுகிறாளே என்று. ஆனாலும் வீங்கின காலைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு, சரி என்றேன்.

பாதி வருமானம் எனக்கு வத்தல்தான். மிதுக்கு, சீனியவரங்காய், அதலைக்காய் எல்லாம் போட்டு, சந்தைக்கு நானே சுமந்துபோய் விற்பேன். மகனிடம் கைநீட்டியதில்லை. கால் போனதோடு சந்தையும் போய்விட்டது. இதைக் கோச்சிடம் சொன்னபோது, அவள் தன் ஜிம் வீடியோக்களைக் காட்டினாள். அவளுக்கு ஆட்கள் வருவதே அந்த இன்ஸ்டாகிராமைப் பார்த்துத்தானாம். "நீங்க சந்தைக்குப் போகாண்டாம், சந்தைய வீட்டுக்கு வரச் சொல்லுவோம்" என்று என் போனிலும் அதை ஏற்றி, பேரும் போன் நம்பரும் போட்டுக் கொடுத்தாள். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். அதனால் கையை மட்டும் காட்டி, வாயால் சொல்லிவிடச் சொன்னாள்.

கார்த்திகை அடைமழை விட்டு நல்ல வெயில் அடித்தது. பாய் நிறைய வத்தல் காய்ந்து கிடந்தது. பதம் வந்துவிட்டது என்று புத்தி மறுபடியும் அதே தடத்தில் ஓடியது. காலையிலிருந்து வீடியோ எடுத்தேன். எடுத்ததையெல்லாம் போட்டேன். அது போதாதென்று வாட்ஸ்அப்பில் இருக்கிற அத்தனை கூட்டத்துக்கும் அனுப்பினேன். சொந்தக்காரர்கள் கூட்டம், கோயிலுக்கு வரி கொடுக்கிறவர்கள் கூட்டம், ஒன்றையும் விடவில்லை. எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியவர் இறந்த செய்தி அன்றைக்குத்தான் வந்திருந்தது. அதற்குக் கீழே வரிசையாக என் அதலைக்காய்.

கொழுந்தன் மகன் கூப்பிட்டான். "பெரியம்மா, துட்டி கேக்க வந்தவிய எல்லாரும் வத்தலத்தான் பாக்காவ. கொஞ்சம் நிப்பாட்டுங்க, கோடிப் புண்ணியம்."

சாயங்காலத்துக்குள் இரண்டு கூட்டத்திலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். ஒரு பொட்டலம் விற்கவில்லை. அவமானத்தில் ஜிம்முக்குப் போகவே கூசியது. கோச் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "அன்னைக்கு உங்க முழங்கால் வீங்குச்சு. இன்னைக்குச் சனங்களுக்கு வீங்கிப்போச்சு."

அதுக்கப்புறம்தான் எனக்கு விளங்கியது. மண், பதம் வந்துவிட்டால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாங்கிக்கொள்ளும். மனுஷ உடம்பும் மனுஷ மனசும் அப்படியில்லை. அவற்றில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்க முடியும். காலுக்குச் சொன்னதையே வத்தலுக்கும் செய்தேன். தினமும் காலையில் நாற்காலிப் பயிற்சியும், வாக்கரை விட்டுக் கொஞ்சம் நடையும் முடிந்த கையோடு ஒரே ஒரு சின்ன வீடியோ. ஒரு நாள் மிதுக்கங்காயை நறுக்குவது. ஒரு நாள் மோரில் உப்புப் போட்டு ஊறவைப்பது. ஒரு நாள் அதலைக்காயின் இரண்டு நுனியையும் கிள்ளுவது, அவ்வளவுதான். பறித்த காயை வைத்திருந்தால் வெடித்துவிடும், அன்றன்றைக்கே பார்க்கணும் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன்.

யாரும் பார்க்கவில்லை. கோச் இதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். தினமும் கண்ணாடி பார்த்தால் சதை ஏறியது தெரியாது, கண்ணாடியைப் பார்க்காமல் செய்துகொண்டே போங்கள் என்று. ஆனால் என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. காலி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, காலையில் போட்டதை மத்தியானம் திறந்து பார்ப்பேன். பேச்சுக்கு ஆளில்லாத வீட்டில் நான் நாள் முழுக்கப் பேசியது அந்த வீடியோவில் பேசியது மட்டும்தான் என்று சில நாள் தோன்றும். தினமும் தவறாமல் ஒரே ஒரு இதயக் குறி மட்டும் வந்து நிற்கும். முகம் கிடையாது, ஒரு ரோஜாப்பூப் படம். யாரோ கை தவறி அழுத்துகிறார்கள் போல என்று நினைத்துக்கொள்வேன்.

மார்கழிக் குளிரில், ஆபரேஷனில் இடுப்புக்குள் பிளேட் வைத்த இடம் குடைய ஆரம்பித்தது. ஒருநாள் விடியும்போது எழ முடியவில்லை. அந்த நேரம் பார்த்து மகன் கூப்பிட்டான். "எதுக்கும்மா இந்தப் பாடு? ஒரு ஈ காக்கா பாக்கல. பேசாம பெட்டியக் கட்டி வை" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, பாசமாகத்தான் சொன்னான். அதுதான் என்னை உடைத்துவிட்டது. போனைக் கவிழ்த்து வைத்தேன். நாற்காலியைத் தொடவில்லை. வீடியோ போடவில்லை. அப்படியே கிடந்தேன்.

மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. பெண் குரல்.

"வத்தல் அம்மாவா?"

"ஆமா, யாரு?"

"காலையில உங்களக் காணோமே. மேலுக்கு முடியலையாம்மா?"

என் வீட்டில் நான் எழுந்தேனா இல்லையா என்று கேட்க எங்கேயோ ஒருத்தி. சமாளித்துக்கொண்டு வியாபாரம் பேசினேன். "உனக்கு எத்தனை கிலோ வேணும்த்தா?"

அவள் சிரித்தாள். "எனக்கு வத்தல் வேண்டாம்மா. ஒத்த ஆளு. எண்ணெய்ச்சட்டி வைக்கதையே விட்டு நாளாச்சு."

"பெறவு எதுக்குத் தெனம் பாக்க?"

"காப்பி குடிக்கும்போது எதுக்க ஒரு ஆளு உக்காந்திருக்க மாதிரி இருக்கும்லா."

ஓட்டப்பிடாரம் பக்கம் பிறந்தவளாம். கல்யாணமாகி பம்பாய் போனவள், வீட்டுக்காரர் போனபிறகும் அங்கேயே இருக்கிறாள். ஊரில் இப்போது யாருமில்லை. துட்டிச் செய்திக்குக் கீழே நான் கொட்டிய வத்தல் யார் யார் கையோ மாறி அவளிடம் போயிருக்கிறது. அதலைக்காயைப் பார்த்ததும் விட மனசில்லாமல் தேடிப் பிடித்திருக்கிறாள். தினமும் வந்து நிற்கிற அந்த ரோஜாப்பூ இவள்தான். ரொம்ப நேரம் பேசவில்லை. இரண்டு பேருக்குமே பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. வைக்கும்போது, "நாளைக்கு வருவீயளா?" என்று கேட்டாள்.

"வாரேன்" என்றேன்.

போனை வைத்துவிட்டு, நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டேன். கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்தேன். வலித்தது, ஆனால் எழுந்தேன். அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டேன். அந்த அளவுக்குப் புத்தி வந்திருந்தது.

பொங்கலுக்கு மகன் வந்தான். பஸ் நின்றபோது நான் வேப்பமரத்தடியில் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தேன். இறங்கியவன் என்னைப் பார்க்காமல் என் முதுகுக்குப் பின்னால் பார்த்தான்.

"யாரு கூட்டியாந்தா?"

"ஏ, நாந்தாம்ல."

அவன் பையைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தான். அப்புறம் எனக்குச் சமமாக மெதுவாக நடந்து வந்தான். பெட்டி கட்டுகிற பேச்சு அதன்பின் வரவில்லை.

இப்போது நான் என் வீட்டில்தான் இருக்கிறேன். வத்தலுக்கு ஆட்கள் கேட்டு வருகிறார்கள். ஏராளம் என்று சொல்லமாட்டேன், என் வயித்துப்பாட்டுக்குப் போதும். ஆனால் இந்தச் சித்திரையிலிருந்து அந்த ரோஜாப்பூ வரவில்லை. அவள் நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன். சுவிட்ச் ஆஃப் என்றது. விட்டு விட்டுப் போட்டுப் பார்க்கிறேன், இன்னும் அதேதான். நம்பர் மாற்றியிருப்பாள், வேறு வீடு போயிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பேர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

ஆனாலும் காலையில் நாற்காலியிலிருந்து எழுந்ததும் போனை நிறுத்திவைத்து ஒரு கை வத்தலைக் காட்டிவிட்டுத்தான் வேறு வேலை பார்க்கிறேன். யாரும் பார்க்காத நாளிலும் அதே நேரத்துக்கு வந்து நிற்கவேண்டும் என்று ஜிம்மில் சொன்னதைக் காலுக்கும் வியாபாரத்துக்கும்தான் என்று அப்போது எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு ஒருத்தி இருந்ததுபோல, எங்கேயோ காப்பி ஆறிக்கொண்டிருக்கிற ஒரு வீட்டில் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளாக நான் இருப்பதற்கும் அதுதான் வழி என்பது, காணாமல்போன அந்த ரோஜாப்பூவால்தான் எனக்குத் தெரிந்தது.