அத்தானின் குரல் சிசிலிக்குப் போன வழி

சாதாரண மக்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் சிபி வானொலிக்கான உரிமத்தின் நிபந்தனைகளில் குழப்பம் எதுவும் இருக்கவில்லை. கருவி FM முறையில் மட்டுமே இயங்க வேண்டும். AM கூடாது. அனுமதி முத்திரை இல்லாத கருவியைப் பாவிக்கக் கூடாது. உள்ளே திறந்து எதையும் மாற்றவும் கூடாது. கவுன்சிலின் உரிமப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மதுக்கடைக்கும் நடைபாதைக் கடைக்கும் உரிமம் கொடுத்த கை இது. ஆகவே நிபந்தனைகள் முழுவதையும் அத்தானுக்கு நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். வாசித்து முடித்ததும், "எல்லாம் விளங்குது மச்சான். அந்த ஸ்க்ரூ டிரைவரை இஞ்சால தாரும்" என்றார்.

அவர் என் அக்காவின் கணவர். மன்னார்க்காரர். தென் லண்டனில், நோர்பரியில், மினிகாப் என்ற வாடகைக் கார் ஓட்டினார். மேசையில் திறந்து கிடந்தது ஒரு பழைய அமெரிக்க AM கருவி. கார் பூட் சந்தையில் பீங்கான் தட்டுகளுக்கும் உடைந்த டோஸ்டருக்கும் நடுவில் அதைக் கண்டெடுத்திருந்தார். காரில் அவருக்குச் சட்டப்படியான FM கருவி ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதனால் பக்கத்து ஊரான குரோய்டன் வரைக்கும் பேசலாம். அத்தானுக்குப் போக வேண்டிய இடம் குரோய்டன் அல்ல.

அவருடைய தம்பி சிசிலியில் இருந்தான். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தம்பியை லண்டனுக்கு எடுப்பதாக அத்தான் வாக்குக் கொடுத்திருந்தார். விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். அதில் ஒரு பிழையும் கிடையாது என்று இன்றும் சொல்வேன். பிழையில்லாத விண்ணப்பத்தை நிராகரிக்கக் குடிவரவு அலுவலகத்துக்குக் கூடுதல் காலம் எடுத்தது, அவ்வளவுதான். காத்திருந்து களைத்த தம்பி ஓர் ஏஜென்டின் கையைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டு, இத்தாலியோடு நின்றுவிட்டான். அண்ணன் கைவிட்டுவிட்டார் என்பது அவன் முடிவு. கடிதத்துக்குப் பதில் இல்லை. தொலைபேசியில் அத்தானின் குரல் கேட்டதும் வைத்துவிடுவான். இப்படியே வருடங்கள் போயின. அத்தான் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. ஆனால் போன் மணி அடித்தால் முதல் ஆளாக எழும்பிப் போவார்.

அப்போதுதான் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் அக்காவுக்கு ஒரு செய்தி கிடைத்தது. தம்பி சிபி கருவி ஒன்று வாங்கியிருக்கிறான். அங்கே AM சட்டப்படி சரி. ஞாயிறு பகலில் ஊர் உலகத்தோடெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறானாம். அத்தானுக்கு அது போதுமாயிருந்தது. "போனை வைக்கலாம் மச்சான். ரேடியோவில கூப்பிட்டவனுக்குப் பதில் சொல்லாமல் விடுறது மரியாதையில்லை. அது அவனுக்கும் தெரியும்."

கோடை மாதங்களில் சில பகல்களில் வானத்தின் மேலடுக்கு ஒன்று கண்ணாடிபோல் இறுகி, இந்த அலைகளைத் தெறிக்க வைக்கும். அப்போது நோர்பரியிலிருந்து புறப்பட்ட அலை பிரான்சைத் தாண்டி நேரே தென் இத்தாலியில் போய் விழும். அத்தான் அப்படியொரு பகலில் கூப்பிட்டுப் பார்த்தார். நேப்பிள்ஸ்காரர் ஒருவர் அரைகுறை ஆங்கிலத்தில் பதில் சொன்னார். "லண்டன், நீங்கள் பேசாமல் இருக்கும்போது மிகவும் பலமாகக் கேட்கிறது."

சிரித்துச் சிரித்து அக்காவுக்குப் புரையேறியது. "நானும் இதைத்தானே கலியாணம் கட்டின நாளிலயிருந்து சொல்லுறன்."

அது பகிடி அல்ல, துல்லியமான தொழில்நுட்ப அறிக்கை. AM-இல் நாம் பேசாதபோதும் வெறும் அலை ஒன்று போய்க்கொண்டே இருக்கும். அதைக் கேரியர் என்பார்கள். குரல் அந்த அலையை மேலும் கீழுமாக அசைக்கிறது. கீழே இறங்குவதற்குப் பூச்சியம் என்ற தரை உண்டு. அதைத் தொட்டால் அலை அறுந்து, சிதறல் அக்கம்பக்கத்து அலைவரிசைகளில் எல்லாம் கொட்டும். மேலே ஏறுவதற்கு அப்படியொரு கட்டாய எல்லை இல்லை. கருவிக்குத் தெம்பு இருக்கும் வரை ஏறலாம். அத்தான் கேரியரைக் கூரை வரைக்கும் ஏற்றி வைத்திருந்தார். குரலுக்கு மேலே இடமில்லை. அவர் வாய் திறந்ததும் மீட்டரின் முள் ஏறுவதற்குப் பதிலாக இறங்கியது. போதாததற்கு, மினிகாப் நண்பர்களின் ஆலோசனைப்படி, குரலின் அளவைக் கட்டுப்படுத்தும் லிமிட்டரையும் வெட்டி எறிந்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, கத்தினார். ஊர்த் தபால் கந்தோரில் ட்ரங்க் கோல் பேசிப் பழகிய தலைமுறை எங்களுடையது: தூரம் கூடினால் தொண்டையும் கூட வேண்டும். சிசிலி தூரம். ஆகவே வீதி முழுவதும் கேட்டது. அடுத்த வீட்டு ஆங்கிலேய அம்மையாரின் தொலைக்காட்சியில், ஸ்னூக்கர் ஆட்டக்காரர் குனிந்து குறிபார்க்கும் அமைதியான கணத்தில், அத்தான் தமிழில் தம்பியைக் கூப்பிட்டார்.

அம்மையார் வேலிக்கு மேலால் மிகுந்த மரியாதையோடு முறையிட்டார். எழுத்தில் முறையிட்டால் பரிசோதகர் வருவார், கருவி போய்விடும் என்பதை நான் அத்தானுக்கு விளக்கினேன். எந்தச் சட்டப் பிரிவின் கீழ் என்பதையும் சொன்னேன்.

நான் பௌதிகம் படித்துப் பட்டம் பெற்றவன். அதை லண்டனில் எவரும் கேட்டதில்லை. மாலை வகுப்புக்குப் போன கல்லூரியில் அலையின் வடிவைத் திரையில் காட்டும் ஓர் அலைகாட்டியை உரிய அனுமதியோடு இரவல் எடுத்து வந்தேன். சட்டவிரோதக் கருவிக்குச் சட்டப்படி இரவல் எடுத்த அலைகாட்டி. அதைப் பூட்டியதும் நான் முதலில் சொன்னது: "கேரியரைக் குறைக்க வேணும் அத்தான்."

"குறைக்கிறதோ? இத்தாலியன்கள் நூறு வாட்டில நிண்டு கத்துறாங்கள். நான் குறைச்சுப்போட்டு நிக்கிறதோ?"

"குறைச்சால்தான் குரலுக்கு இடம் வரும்."

"உம்மட கவுன்சில் புத்தி. எதைக் கேட்டாலும் குறைக்கத்தான் தெரியும்."

"நீங்கள் கூட்டித்தானே பாத்தனீங்கள்" என்றாள் அக்கா. அத்தான் ஸ்க்ரூ டிரைவரை என்னிடம் நீட்டினார்.

லிமிட்டரைத் திரும்ப ஒட்டி, கீழ்ப்பக்கம் தரையைத் தொடாத அளவுக்கு அமைத்தோம். கேரியரைக் காற்பங்குக்கு இறக்கினோம். பிறகு அத்தானைச் சாதாரணமாகப் பேசச் சொன்னேன். என்ன பேசுவது என்று தெரியாமல் அருள் நிறைந்த மரியே செபத்தைச் சொன்னார். திரையில் அவருடைய குரல் விழுந்தது. மனிதக் குரல் இரு பக்கமும் ஒத்ததல்ல. ஒரு பக்கத்தின் முனைகள் மற்றதைவிட உயரம். அத்தானின் உயரமான முனைகள் எல்லாம் கீழ்நோக்கிக் குத்திக்கொண்டு நின்றன. ஏற வேண்டியது தரையில் போய் முட்டிக்கொண்டிருந்தது. மைக்கின் உள்ளே இரண்டு வயர்களை இடம் மாற்றி ஒட்டினேன்.

"இதால குரல் மாறுமோ?"

"மாறாது. தலைகீழாய் நிண்டது நிமிரும்."

மீண்டும் மரியே. இம்முறை முனைகள் கேரியரின் இரு மடங்கு உயரத்தையும் தாண்டி, ஒன்றன்பின் ஒன்றாக, கோபுரம் கோபுரமாக எழுந்தன. கீழ்ப்பக்கம் தரைக்குச் சற்று மேலே, ஒழுங்காக வரிசை கட்டி நின்றது. மீட்டரின் முள் அவர் பேசப் பேச வலப்புறம் பாய்ந்தது. அத்தான் செபத்தை நடுவில் விட்டுவிட்டு, "எட, ஏறுதடாப்பா!" என்றார். நான் உரிமப் பிரிவில் இருந்த காலம் முழுவதிலும் அப்படியொரு மகிழ்ச்சியை என் கையால் எவருக்கும் வழங்கியதில்லை.

அந்த வாரம் முழுவதும் அத்தான் ஒலிபரப்பினார். வார இறுதியில் அம்மையார் ஒரு கேக்கோடு வந்து, வானொலியை நிறுத்திவிட்டதற்கு நன்றி சொன்னார். தென் லண்டனிலேயே பலமான குரல் எங்களுடையதாக மாறிய வாரம் அது. நாங்கள் நன்றியை ஏற்றுக்கொண்டோம். கேக்கையும்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு AM-ஐயும் அனுமதித்தார்கள். அத்தான் அதைப் பார்க்க இருக்கவில்லை. இருந்திருந்தால் ஆர்வம் இழந்திருப்பார். இன்று அக்காவின் பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் சிசிலிச் சின்னத்தாத்தாவின் முகத்தையே பார்த்துப் பேசுகிறார்கள். படம் உறைந்துபோனால் சலித்துக்கொள்கிறார்கள்.

கேக் வந்த அந்த வாரத்து ஞாயிறு, பூசையால் வந்து சாப்பிட உட்கார்ந்தபோது வானம் திறந்தது. இத்தாலியர்கள் கடல்போல் இரைந்தார்கள். அத்தான் மைக்கை எடுத்து, மேசைக்கு அப்பால் இருப்பவரோடு பேசுவதுபோல, தமிழில் மூன்று தரம் தம்பியைக் கூப்பிட்டார். இரைச்சல் ஒதுங்கியது. யாரோ "லோந்திரா, லோந்திரா" என்று வியந்தார்கள். பிறகு ஒரு குரல், இத்தாலிய உச்சரிப்பு ஏறிய தமிழில், முன்பின் தெரியாதவனுக்குச் சொல்வதுபோலச் சொன்னது: "லண்டன், சிக்னல் ஐஞ்சுக்கு ஒன்பது." தெளிவுக்கும் பலத்துக்கும் முழுப் புள்ளி என்று அர்த்தம்.

அத்தானின் கை மைக்கை அழுத்தியது, வாய் திறக்கவில்லை. வெறும் கேரியர் மட்டும் சிசிலி வரைக்கும் போய்க்கொண்டிருந்தது. கையை எடுத்தார்.

"அண்ணி நிக்கிறாவோ?" என்றது குரல்.

அக்கா சாப்பிட்ட கையோடு வந்து மைக்கைப் பறித்தாள். "எடேய், கடுதாசிக்குப் பதில் போட உனக்குக் கை இல்லையோ? போனை எடுத்தால் வைக்கிறாயாம். இந்த மனிசன் கூரையில ஏறி விழாத குறை!"

ஐரோப்பாவின் பாதி கேட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணி," என்றான் அவன், அண்ணன் அருகில் நிற்பது தெரிந்தும், "அண்ணையிட்டச் சொல்லுங்கோ. இண்டைக்குப் பின்னேரம் போன் எடுத்தால் வைக்கமாட்டன் எண்டு."

அக்கா திரும்பி, அத்தானிடம் அதை ஒரு சொல்லும் விடாமல் சொன்னாள். அத்தான், அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பவர்போல, "ஓம், எடுக்கிறன் எண்டு சொல்லு" என்றார். அடுப்படி நாட்காட்டியில் திகதியைப் பார்த்தேன்: தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோனியாரின் திருநாள், ஜூன் பதின்மூன்று.