அஞ்சலையக்கா தலைவியான கதையும் என் இரண்டு லிஸ்டுகளும்

1. முதல் லிஸ்ட்

மலாயாவில் குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். மீசை சரியாக முளைக்கவில்லை, ஆனால் ஆபீஸ் சாவி என் இடுப்பில் தொங்கியது. அந்த மிதப்பில் செய்த முதல் வேலையே கோளாறு.

தோட்டப் பஞ்சாயத்துக்குத் தலைவர் தேர்தல். "லிஸ்ட் போட்டு நடத்து" என்றார் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை. வீட்டுக்கு ஒரு ஓட்டு, அதுவும் ஆணுக்கு என்பது வழக்கமாம். எனக்கு யார் சொன்னார்கள்? வேலையாட்கள் பெயரெல்லாம் இருக்கும் செக்ரோலை அப்படியே நகலெடுத்து, வேலையாட்கள் வரிசையில் நிற்கும் காலைப் பெரட்டில் வாசித்துவிட்டேன். ரப்பர் மரத்தில் பால்வெட்டும் பெண்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள்.

கைக்குழந்தையோடு தனியாக வாழ்ந்த அஞ்சலையக்கா முன்னால் வந்தார். "எங்களுக்கும் ஓட்டு இருக்கா? அப்ப நானும் நிக்கிறேன் கிராணியாரே!"

எதிர்த்து நின்றவர், ஆட்களை மேய்க்கும் முத்தையா கங்காணி. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நில்லு லா, யாரு வேணாங்கிறா!"

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. வேலை நேரத்தில் விட்டுவைக்கும் ஆயாக்கொட்டகையில் பிள்ளைகள் பசியில் கதறுகின்றன; ஒன்பது மணிக்குத் தாய்மார் போய்ப் பால் கொடுத்துவிட்டு வர அரை மணி வேண்டும்.

ஆளுக்கொரு ரப்பர் விதை. சாக்குத் திரைக்குப் பின்னால், ரப்பர் பால் பிடிக்கும் மங்குகள் இரண்டு. பிடித்தவர் மங்கில் போட வேண்டியதுதான். அக்காவின் மங்கு நிரம்பி வழிந்தது. தொரை தொப்பியைக் கழற்றி அவருக்கு வணக்கம் சொல்லி, பால் நேரத்துக்கும் சம்மதித்தார். தோட்டமே ஒரு வாரம் அதைத்தான் பேசியது. தினமும் ஒன்பதுக்கு நான் தண்டவாளத் துண்டைத் தட்டுவேன். பெண்கள் சிரித்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடுவார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

2. இரண்டாவது லிஸ்ட்

அடுத்த ஆண்டு கங்காணி உஷாராகிவிட்டார். தொரையிடம் பேசி, வழக்கப்படி வீட்டுக்கு ஒரு ஓட்டு என்று உத்தரவு வாங்கினார். லிஸ்டை நான்தான் எழுத வேண்டும். அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எழுதுங்க தம்பி. இல்லன்னா ஒங்க வேலை போயிடும். பொண்ணுங்க அவங்கவங்க வீட்டுக்காரங்ககிட்ட எனக்குப் போடச் சொல்லி அனுப்புவாங்க" என்றார்.

நாற்பது வீடுகள். கங்காணிக்கு முப்பத்தொன்பது விதை, அக்காவுக்கு இரண்டு. ஒன்று, ஆணில்லாத வீடு என்பதால் அவரே போட்டது. இன்னொன்று, விதியை மீறி நான் போட்டது. கூட்டிப் பார்க்கக் கங்காணிக்குப் பொறுமை இல்லை, மாலை போட்டுக்கொள்ளப் போய்விட்டார்.

அன்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பேச்சு. "அலமாக்! அந்த இன்னொரு வெதை நான் போட்டதுதான், சத்தியமா!" என்று கங்காணி நீங்கலாக முப்பத்தெட்டுக் கணவர்களும் மனைவியிடம் சாதித்தார்கள்.

மறுநாள் பெரட்டில், தொரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கங்காணி முழங்கினார். "இனிமே பால் நேரம் கெடையாது! வேணும்னு சொல்றவங்க கை தூக்குங்க, பாப்போம்!"

பெண்கள் கை தூக்கினார்கள். அக்கா ஆண்கள் பக்கம் திரும்பினார். "எனக்கு ஓட்டுப் போட்டேன்னு வீட்டுல சொன்னவங்க எல்லாம் எங்கப்பா?"

மனைவிமார் கணவர்களைப் பார்த்தார்கள். ஒரு கை உயர்ந்தது. பிறகு இன்னொன்று. கடைசியில் கங்காணியைத் தவிர எல்லாக் கைகளும் மேலே நின்றன. சிரிப்பு வெளியே வராமல் நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"எல்லாருக்கும் வேணும். இருக்கட்டும்" என்றார் தொரை.

பால் நேரம் நிலைத்தது. அக்கா மட்டும் மறுபடி தலைவியாகவில்லை. மற்றப் பெண்கள் பெயர் மறுபடி லிஸ்டில் ஏறவே இல்லை.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். லிஸ்ட் எழுதி முடித்ததும் யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள். விடச் சொன்னால், ஏன் என்று ஒரு தடவையாவது கேளுங்கள். நான் திருட்டுத்தனமாக ஒரு விதை போட்டேனே தவிர, தொரையிடம் வாய் திறந்து கேட்கவில்லை.