ரிஸ்னா ஒரு நிமிடத்தில் எழுதிய கடிதம்

மின்சாரச் சாமான் கடையின் கவுண்டரில் நின்றவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை: மின்விசிறி சுற்றாவிட்டால் அதைச் செய்தவர் மீது யாரும் கோபப்படுவதில்லை, எடுத்துக் கொடுத்தவள் மீதுதான் கோபப்படுவார்கள். கண்டி நகரத்தில் அப்படியொரு கடையில் வாரண்டி கார்ட் எழுதுவது என் வேலை. நீங்களும் வேறு ஏதாவது கவுண்டரில் நின்று இதே ஏச்சை வாங்கியிருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன். முதல் சம்பவத்தை நான் நேரில் பார்க்கவில்லை. பட்டச் சான்றிதழ் எடுக்க லீவு போட்டிருந்த நாளில் நடந்தது. காசாளர் கஸ்தூரி அக்கா சொன்னபடியே தருகிறேன்.

போனா அப்படிப் போகணும்

ரிஸ்னா மடவளைக்காரி, எனக்குப் பக்கத்துக் கதிரை. அன்று ஒருவர் சூடாகாத அயன் பெட்டியைக் கவுண்டரில் தூக்கிப் போட்டு ஏசினாராம். ரிஸ்னாவும் விடாமல் திருப்பி ஏசினாளாம். மெனேஜர் அவளை அறைக்குள் கூப்பிட்டு, "நீயாகவே விலகுகிறாயா, நான் நிறுத்தட்டுமா?" என்று கேட்டாராம். அவள் கதிரையில் உட்காரக்கூட இல்லையாம். நின்றபடியே ஒரு தாளை இழுத்து, ஒரு நிமிடத்தில் ராஜினாமா எழுதி, மேசையில் எறிந்துவிட்டு, எல்லோருக்கும் கை காட்டிக்கொண்டு முன்வாசலால் போனாளாம். அடுத்த வாரத்திலிருந்து ஏசி போட்ட பெரிய கடைத்தொகுதியில் போன் விற்கிற வேலையும் கிடைத்துவிட்டதாம்.

எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. ஒரு லீவுக் கடிதத்தையே நான் மூன்று தடவை கிழித்து எழுதுகிறவள். என் முகத்தைப் பார்த்தே கஸ்தூரி அக்கா கண்டுபிடித்துவிட்டார். "போனா அப்படிப் போகணும் புள்ள. நீ போனா, கதவைத் தள்ளணுமா இழுக்கணுமான்னு யோசிச்சிக்கிட்டே நிப்ப."

அந்தப் புள்ள எங்க?

போனவள் போகவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் அவளையே கேட்டார்கள். நான் ஹுன்னஸ்கிரியவில் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் முதல் பட்டதாரி. கோயில் வாசலில் என் படத்தைப் போட்டு பேனர் கட்டினார்கள். ரிஸ்னா பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் ஒரு பெரியவர் மிக்சியோடு வந்தார். கார்டை வாங்கி, திகதியைப் பார்த்து, தொடரிலக்கத்தைச் சரிபார்த்து, திருத்தும் பிரிவுக்கு ஒரு பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, கவுண்டரை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார். "அந்தப் புள்ள எங்க? அவ இருந்தா மிக்சி திருந்தாட்டியும் நமக்கு மனசு திருந்திடும்."

பெட்டி மட்டும் புதுசு

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்டோரில் சாமான் முடிந்துவிட்டால், சுவரோரத் தட்டில் பார்வைக்கு வைத்திருப்பதை எடுத்து, கைரேகை போகும்வரை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, பெட்டியில் இறக்கி, புது டேப் ஒட்டிக் கொடுப்போம். யாராவது கேட்டால் "இப்பத்தான் ஸ்டோரில இருந்து வந்தது" என்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

குண்டசாலையிலிருந்து வந்த ஒரு அம்மா கேட்டுவிட்டார். மகள் புது வீடு போகிறாளாம். முதல் சோறு இந்த ரைஸ் குக்கரில்தானாம். "ஒருத்தரும் கை வைக்காததுதானே மகள்?" என்றார். கார்ட் எழுதிக்கொண்டிருந்த என் பேனை நின்றது. முதல்நாள் நானே துடைத்த குக்கர் அது. "பெட்டி புதுசும்மா. குக்கர் நாலு மாசமா தட்டுல இருந்தது" என்று சொல்லிவிட்டேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். அவர் மெதுவாகத் திருப்பிக் கேட்கவில்லை. பின்னால் நின்ற மூன்று பேர் தங்கள் பெட்டிகளின் டேப்பைக் கிழிக்கத் தொடங்கினார்கள். சத்தம் கேட்டு மெனேஜர் வந்தார். அந்த அம்மா எனக்கு நன்மை செய்வதாக நினைத்து, எல்லோர் முன்னாலும் அவரிடம் சொன்னார்: "இந்தப் புள்ளைக்குச் சம்பளத்தைக் கூட்டிக் குடுங்க சேர். இவ சொல்லாட்டி நாங்க ஏமாந்துதானே போயிருப்போம்!"

நாலு மணி வரை

ரிஸ்னாவுக்குக் கிடைத்த அதே கேள்வி மெனேஜரிடமிருந்து எனக்கும் கிடைத்தது, தங்கச்சி என்று பொருள்படும் சிங்கள ‘நங்கி’யோடு. "ராஜினாமா தந்தா, இங்க ஒழுங்கா வேலை செஞ்சன்னு நல்ல சேவிஸ் லெட்டர் தாரன் நங்கி. இல்லாட்டி நான் நிப்பாட்டுவன். பிறகு எங்க போனாலும் அதைக் கேப்பாங்க. நாலு மணி வரைக்கும் யோசி. வேணும்னா நானே டைப் பண்ணித் தாரன், நீ சைன் மட்டும் வை." இங்கேதான் என் பொறாமை குறுக்கே வந்தது. சாதாரண தரம் படித்தவள் தானே எழுதினாள், பட்டதாரி டைப் செய்த தாளில் கையெழுத்து வைப்பதா? "நானே எழுதுறேன் சேர்" என்றேன்.

ஸ்டோரில் ஒரு ஃப்ரிஜ் பெட்டியின் மேல் தாளை வைத்து உட்கார்ந்தேன். ஊரில் அப்பா என் வேலையைப் பற்றிச் சொல்லாத ஆள் இல்லை. நிறுத்தப்பட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? விலகினேன் என்றால் ஏன் என்று கேட்பார். "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதினேன். அது பொய். கிழித்தேன். "என் விருப்பத்தின் பேரில்" என்று எழுதினேன். அது அதைவிடப் பெரிய பொய். கிழித்தேன். ரிஸ்னா ஒரு நிமிடத்தில் என்னதான் எழுதியிருப்பாள் என்று நினைத்து அழுகையே வந்துவிட்டது.

நாலு மணிக்கு வெறுங்கையோடு போனேன். கதவை இழுத்தேன், அது தள்ள வேண்டிய கதவு. "எனக்குக் காரணம் எழுத வரல்ல சேர். நீங்களே நிப்பாட்டுங்க. தட்டுல இருந்த சாமானைத் தட்டுல இருந்ததுன்னு சொன்னதுக்காகன்னு கடிதத்துல போடுங்க, வாங்கிட்டுப் போறேன்." தைரியத்தில் சொல்லவில்லை, கிழிக்க வேறு தாள் இல்லாததால் சொன்னேன். அவர் கடையின் பெயர் அச்சடித்த தாளை எடுத்தார், பேனையைத் திறந்து திகதியை மட்டும் எழுதினார். பிறகு பேனையை மூடினார். "அதை எப்படி நங்கி எழுதுறது?"

ஒரு பேனை மட்டும்

வேலை போகவில்லை, கவுண்டர் போனது. யாரோடும் பேசத் தேவையில்லாத பின்னறையில், கோப்புகளுக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். இரண்டு மாதம் கழித்து பஸ் நிலையத்தில் ரிஸ்னாவைக் கண்டேன். ஏசிக் கடை எப்படி என்று கேட்டேன், பொறாமை குரலில் தெரியாதபடி. எந்தக் கடை என்று அவள் திருப்பிக் கேட்டாள். வேலை கேட்டுப் போன இடத்தில் முதலில் சேவிஸ் லெட்டர் கேட்டார்களாம், அதை மெனேஜர் இன்னும் தரவில்லையாம், வீட்டில்தான் இருக்கிறாளாம். "ஃபைல் எல்லாம் ஒனக்கிட்டதானே ஈக்கி, எனக்குள்ள லெட்டர் ஈக்கான்னு ஒருக்கா பாத்து செல்லேன்" என்றாள்.

அந்த ஒரு நிமிடக் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். பஸ்ஸில் ஏறிக்கொண்டே சிரித்தாள். "நான் எங்க எழுதின? அவர் டைப் பண்ணி ரெடியா வெச்சீந்தார். நான் கேட்டது ஒரு பேனை மட்டும்தான்."

மறுநாள் காலை பின்னறையின் கோப்பு அலுமாரியைத் திறந்து பார்த்தேன்: சேவிஸ் லெட்டர் இல்லை, ராஜினாமா டைப் செய்ததுதான், அதில் ரிஸ்னாவுடையது கையெழுத்து மட்டும்தான்; அந்தக் கையெழுத்தும் என்னுடையதைவிட அழகாகத்தான் இருந்தது.