ரோட்டோரத்துக் கண்ட்ரோல் பிளாட்

காரை விட்டு இறங்காதவர்

நான் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த முதல் நாள் மூன்று பேராசிரியர்கள் ஓர் அம்பாசடர் காரில் வயல் பார்க்க வந்தார்கள். இரண்டு பேர் இறங்கினார்கள். மூன்றாமவர் கண்ணாடியைப் பாதி இறக்கிப் பார்த்துவிட்டு, "சேறா இருக்கே" என்றார். நெல் வயலில் சேறு இருப்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது போலிருக்கிறது.

எழுபதுகளின் பிற்பாதி அது. தூத்துக்குடிக்குத் தெற்கே, திருச்செந்தூர் ரோட்டை ஒட்டிய கடைமடை வயல்கள். ஆற்றுத் தண்ணீர் அங்கே வந்து சேர்வதற்குள் மெலிந்துவிடும். கடலோ பக்கத்திலேயே இருக்கிறது. கோடையில் மண்ணின் மேல் உப்பு வெள்ளையாகப் பூக்கும். அந்த உவர் நிலத்தில் எதைப் போட்டால் நெல் விளையும் என்று கண்டுபிடிப்பதுதான் என் தீசிஸ். மூன்று துறைகள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் நிதி சீக்கிரம் கிடைக்கும் என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. அதனால் என் தலையில் மூன்று பேர்.

என் கைடு நாராயணன் சார், விவசாயத் துறை. வயலில் இறங்குவார், போட்டோ எடுத்தாயிற்றா என்று கேட்டுவிட்டு ஏறிவிடுவார். ஜெபராஜ் சார் பொருளாதாரம், நாசரேத்துக்காரர். வரவைச் செலவால் வகுக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. காரிலேயே உட்கார்ந்திருந்தவர் சம்பத் சார், மெட்ராஸ்காரர், தியரிட்டிகல் பிசிக்ஸ். மண்ணுக்குள் தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று பக்கம் பக்கமாகச் சமன்பாடு எழுதியவர். அவர் மண்ணைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

சம்பத் சார் வரும்போதெல்லாம் மனைவிக்கு முத்து வாங்க வேண்டும் என்பார்.

"சார், இங்க முத்துக் குளிச்சி வருசக்கணக்காச்சி. கடையில இருக்கதெல்லாம் வெளியூர் முத்து" என்பேன்.

"முத்து நகரம்னுதானேம்மா சொல்றாங்க? தியரிப்படி இருக்கணுமே" என்பார். பிறகு கடைக்குப் போய் வெளியூர் முத்தை வாங்கிக்கொண்டு, சந்தோஷமாக ரயில் ஏறுவார்.

ஒன்றும் போடக்கூடாது

வயல் பிச்சையா அண்ணாச்சியுடையது. பனங்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து, கருப்பட்டி வியாபாரத்தில் முன்னேறி, ஆசைப்பட்டு வயல் வாங்கியவர். ஆரம்பத்தில் என்னை டீச்சர் என்று கூப்பிட்டார். எங்கள் அப்பாவுக்கு மில்லர்புரத்தில் பலசரக்குக் கடை என்று தெரிந்ததும் "ஏளா" என்று உரிமையோடு மாற்றிக்கொண்டார்.

வயலை நான்காகப் பிரித்தோம். ஒன்றில் ஜிப்சம், ஒன்றில் தழையுரம், ஒன்றில் இரண்டும். நான்காவது கண்ட்ரோல் பிளாட், அதில் ஒன்றும் போடக்கூடாது. மற்ற மூன்றும் எவ்வளவு தேறின என்று ஒப்பிட்டுப் பார்க்க அப்படி ஒன்று வேண்டும். முறைப்படி இதையே பல ஊர்களில் போட்டிருக்க வேண்டும். நிதியில் பெரும்பகுதி மூன்று பேரின் பயணப்படிக்குப் போய்விட்டதால் ஒரே ஊரோடு நிறுத்திக்கொண்டோம். எந்தப் பாத்தி எங்கே என்று சீட்டுக் குலுக்கினோம். கண்ட்ரோல் பிளாட் சரியாக ரோட்டோரத்தில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே விழுந்தது.

நாராயணன் சார் அண்ணாச்சிக்கு நீண்ட நேரம் விளக்கினார். அதில் பாதி இங்கிலீஷ். அண்ணாச்சி தலையாட்டினார். தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வது எங்கள் துறையின் வழக்கம்.

சார் காருக்குப் போனபின் அண்ணாச்சி என்னிடம் வந்தார்.

"ஏளா, இந்த ரோட்டுப் பக்கத்து வயலுக்கு ஒண்ணுமே போடக்கூடாதுங்காரே, நெசந்தானா?"

"ஆமா அண்ணாச்சி. ஒண்ணுமே போடக்கூடாது."

"போறவன் வாரவன் பாப்பானே."

"பாத்தா பாக்கட்டும் அண்ணாச்சி."

அவர் ரோட்டையும் வயலையும் மாறி மாறிப் பார்த்தார். நானும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கார் ஹாரன் அடித்துவிட்டது.

கடல் காற்று

கார்த்திகையில் மூவரும் மறுபடி வந்தபோது கண்ட்ரோல் பிளாட்தான் கரும்பச்சையாக நின்றது. ஜிப்சம் போட்ட வயல் அதற்குப் பக்கத்தில் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் மாதிரி இருந்தது. நாராயணன் சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

காற்றில் மீன் நாற்றம் தூக்கலாக இருந்தது. சம்பத் சார் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு காருக்குள்ளிருந்தே, "கடல் காத்து" என்று தீர்ப்புச் சொன்னார். எனக்கும் சந்தேகம் வரவில்லை. மீனவர் குடியிருப்பான திரேஸ்புரத்திலிருந்து அடிக்கும் காற்றை மூச்சாக வாங்கி வளர்ந்தவள் நான். மீன் வாடை எனக்கு ஒரு வாடையே இல்லை. அண்ணாச்சி அன்று ஊரில் இல்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போயிருப்பதாக வீட்டில் சொன்னார்கள்.

முடிவிலி

தை கடைசியில் அறுவடை. நெல்லை நிறுத்தபோது கண்ட்ரோல் பிளாட் மற்ற மூன்றையும் தூக்கிச் சாப்பிட்டிருந்தது.

"சார், எங்கயோ தப்பு நடந்திருக்கு. அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்" என்றேன்.

"விவசாயி பேச்செல்லாம் ஆதாரம் ஆகாதும்மா. டேட்டா பேசணும்" என்றார் நாராயணன் சார்.

டேட்டா பேசவில்லை, மூன்று பேரும் பேசினார்கள். மண்ணைச் சீண்டாமல் விட்டால் அதற்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் தாமாகவே உப்பைச் சமாளித்துவிடும் என்றார் நாராயணன் சார். மண் துகள்களுக்கு இடையிலுள்ள பாதைகளை ஜிப்சம் அடைக்கிறது, கண்ட்ரோல் பிளாட்டில் பாதைகள் திறந்திருக்கின்றன, இதைத் தன் சமன்பாடு முன்பே சொல்லிவிட்டது என்றார் சம்பத் சார். ஜெபராஜ் சார் வழக்கம்போல வரவைச் செலவால் வகுத்தார். கண்ட்ரோல் பிளாட்டில் உரச் செலவு பூஜ்யம். பூஜ்யத்தால் வகுத்ததில் முடிவிலி வந்தது.

"சார், லாபம் இன்ஃபினிட்டி வருது!" என்று எழுந்தே நின்றுவிட்டார்.

"எங்க சப்ஜெக்ட்ல இன்ஃபினிட்டி வந்தா பெரிய விஷயம்" என்று சம்பத் சார் கை கொடுத்தார்.

இதற்கு 'ஓய்வு விளைவு' என்று பெயர் வைத்தார்கள். கட்டுரை அந்த வாரமே தபாலில் போனது. கடலோர விவசாயிகளுக்கு ஒரு துண்டுப் பிரசுரமும் தயாரானது: உவர் நிலத்துக்கு ஒன்றும் போட வேண்டாம், விட்டுவிடுங்கள், அதுவே விளையும். என் தீசிஸின் முக்கிய அத்தியாயமும் இதுதான். மார்ச்சோடு என் ஃபெல்லோஷிப் முடிகிறது. மார்ச்சுக்குள் தீசிஸ் கொடுத்துவிட்டால் ஜூனில் லெக்சரர் வேலை எனக்குத்தான் என்று துறைத் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். எங்கள் குடும்பத்தில் கடையை விட்டு வெளியே வேலைக்குப் போகப்போகும் முதல் ஆள் நான். அந்த வேலைக்காக எவ்வளவு ஏங்கினேன் என்று சொல்லி முடியாது.

பத்திரிகை

துண்டுப் பிரசுரத்தைத் திருத்துவதற்காக மூவரும் நாராயணன் சார் அறையில் உட்கார்ந்திருந்த நாளில் பிச்சையா அண்ணாச்சி உள்ளே வந்தார். ஒரு கையில் வாழைத்தார், இன்னொரு கையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை.

"பங்குனில மவளுக்குக் கல்யாணம். நீங்க மூணு பேரும் வந்துதான் ஆகணும். உங்களாலதான் முடிஞ்சிருக்கு."

"எங்களாலயா?" என்றார் நாராயணன் சார், முகம் மலர்ந்து.

"ஆமா சார். மாப்பிள்ள வீட்டாரு பஸ்ஸ விட்டு எறங்குனதும் மொதல்ல பாத்தது அந்த ரோட்டோர வயலத்தான். சம்பந்தி அங்கனயே நின்னுட்டாரு. உவருல இப்படி வெள்ளாம எடுக்கவன் வீட்டுல பொண்ணு எடுக்கலாம்னு சொல்லிட்டாருல்லா!"

"பாத்தீங்களா, ஒண்ணும் போடாமலே!" என்றார் ஜெபராஜ் சார்.

அண்ணாச்சி சிரித்தார். "போடாம எப்படி சார் வெளையும்? நான் சாளை மீனுல்லா போட்டேன்."

உப்புப் போடாமல் காயவைத்த சாளை மீன் நல்ல எரு என்பது எங்கள் ஊர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரேஸ்புரத்திலிருந்து மாட்டுவண்டியில் இரண்டு நடை இறக்கியிருக்கிறார். போதாததற்கு நல்ல தண்ணீரை மடைதிறந்து விட்டு உப்பையும் கழுவியிருக்கிறார்.

"ஏன் அண்ணாச்சி, நான் சொன்னேன்லா, ஒண்ணும் போடக்கூடாதுன்னு?" என்றேன்.

"சொன்னே. காலேஜுல மருந்து தீந்து போச்சி, சொல்லக் கூச்சப்பட்டுட்டு இப்படிச் சொல்லுதீயன்னு நெனச்சேன். பாவம், நாலாவது வயலுக்குப் பத்தல போலன்னு நானே போட்டுட்டேன். பொண்ணு பாக்க வாரவன் கண்ணு முன்னால நெலத்தப் பட்டினி போட முடியுமா, நீயே சொல்லு."

முதலில் வாயைத் திறந்தவர் ஜெபராஜ் சார்தான். "சாளை என்ன விலை?" என்றார். அண்ணாச்சி சொன்னார். ஜெபராஜ் சார் மனதுக்குள் வகுத்துப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். முடிவிலி போய்விட்டது.

சம்பத் சார் கொஞ்சமும் கலங்கவில்லை. "என் தியரிக்கு ஒண்ணும் ஆகலை. ஃபீல்டுதான் தப்பு" என்றார்.

அண்ணாச்சி போனதும் நாராயணன் சார் கதவைச் சாத்தினார்.

"இங்க பாரும்மா. அவர் சொன்னது வாய்ப்பேச்சு. ஆராய்ச்சின்னு வந்தா நாம கேக்கல, அவர் சொல்லல. பேசாம அத்தியாயத்தை முடி. உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேணும் சார். ஆனா இந்த நோட்டீஸப் படிச்சிட்டு ஊர்ல நாலு பேரு ஒண்ணும் போடாம விட்டா, அவிய வயிறு காயுமே. சாளை போட்டதை எழுதித்தான் சார் தருவேன்."

"எழுதினா அது கண்ட்ரோல் பிளாட்டே இல்ல. மறுபடி ஒரு போகம் போடணும். மார்ச்சை மறந்துடு."

அன்று கழிப்பறையில் போய் நன்றாக அழுதேன். அண்ணாச்சி மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அந்த மூன்று பேர் மேல் வந்த ஆத்திரம் இன்றைக்கும் முழுதாக ஆறவில்லை.

பனைகளுக்குப் பின்னால்

மார்ச் போனது. லெக்சரர் வேலை, ஓய்வு விளைவை நாலு இடத்தில் மேற்கோள் காட்டிய இன்னொருவருக்குப் போனது. துண்டுப் பிரசுரம் மட்டும் அச்சுக்குப் போகாமல் நின்றது; சாளை விஷயத்தை எழுதி நான் கொடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு பிரசுரத்தில் கையெழுத்துப் போட நாராயணன் சாருக்குத் துணிச்சல் வரவில்லை. தபாலில் போன கட்டுரையைத் திரும்பப் பெறச் சொன்னேன். "போனது போகட்டும்மா, அபசகுனம்" என்றார். அது அழகாக அச்சில் வந்தது.

ஜெபராஜ் சார் ஒரு வருடத்தில் புதிதாக ஒன்று எழுதினார்: விவசாயிகளின் முடிவுகளில் திருமண உறவுகளின் தாக்கம். அதற்காகப் பதவி உயர்வும் கிடைத்தது. பிச்சையா அண்ணாச்சி பெயர் அதில் எங்கும் இல்லை. 'தகவலாளி ஒருவர்' என்று இருந்தார்.

அடுத்த போகத்தை உதவித்தொகை இல்லாமல், மாலையில் அப்பா கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டே போட்டேன். "இந்த வருசமும் பட்டினி போடணுமா?" என்று கேட்ட அண்ணாச்சி, பனைகளுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத ஒரு மூலையைக் கொடுத்தார். கண்ட்ரோல் பிளாட் எப்படி இருக்க வேண்டுமோ அப்படிச் சோகையாக விளைந்தது. அதைப் பார்த்து நான் பட்ட சந்தோஷத்தை அண்ணாச்சி விநோதமாகப் பார்த்தார். பட்டம் தாமதமாக வந்தது. வேலை அதைவிடத் தாமதமாக, வேறு ஊரில் கிடைத்தது.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்பு ஓர் ஆராய்ச்சி மாணவனின் வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, என்னை வெளித்தேர்வாளராக அழைத்திருந்தார்கள். பையன் கெட்டிக்காரன். ஆனால் அவன் தீசிஸின் நடுநாயகமே ஓய்வு விளைவுதான். மூன்று பேராசிரியர்களின் பழைய கட்டுரையை மேற்கோள் காட்டி, தன் வயலிலும் அது நிரூபணமாகியிருப்பதாக எழுதியிருந்தான். அவன் கைடு பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தம்பி, கண்ட்ரோல் பிளாட் எங்க இருக்கு?"

"ரோட்டோரமா மேடம்."

"வயல்காரர் வீட்டுல கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்கா?"

கைடு நிமிர்ந்து பார்த்தார். பையன் திகைத்துப்போனான்.

"மூணு பேர் இருக்காங்க மேடம். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தீசிஸை மூடி அவன் பக்கம் நகர்த்தினேன். "ஊருக்குப் போயி அவர்கிட்ட என்ன போட்டாருன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க தம்பி. நான் காத்திருக்கேன்" என்றேன்.